இருபதடித் தடுப்பாட்டக்காரர்

இந்த அநியாயத்தைக் கேளுங்கள். பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து மைதானத்தை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். எதற்கு? தாளாளர் தனுஷ்கோடிக்கு மணிவிழாவாம்! பந்து போடும் வளையத்தை மறைத்து அவருடைய கட்அவுட் கும்பிட்டபடி நின்றது. ஒரு வாரமாகப் பயிற்சியே இல்லை. நாளைக்கோ இறுதி ஆட்டம். எதிரணி போன வருஷ சாம்பியன்.

இந்த லட்சணத்தில் பந்தலுக்கே நிருபர்களை வரவழைத்திருந்தார் அவர். பேட்டிக்கு முன்னால் அணிப் பெண்களை ஓரமாகக் கூப்பிட்டு, "மணிவிழாவுக்குக் கோப்பை வந்தாகணும். தோத்தா டீமையே கலைச்சிடுவேன்" என்று உறுமினார். எப்போதும் பெஞ்சிலேயே உட்கார வைக்கப்படும் இசக்கியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அந்த டீம்ல ஆறடிப் பொண்ணு ஒண்ணு வளையத்துக்கிட்ட நின்னு மறிக்குமே, எப்படிச் சமாளிப்பீங்க?" என்று ஒரு நிருபர் கேட்டார்.

இசக்கி எழுந்தாள். "ஆறடிதானே சார்? ஒரு வாரமா எங்களை மறிச்சுக்கிட்டு நிக்கிறவர் இருபதடி. அந்தப் பொண்ணாவது அப்பப்ப நகரும்."

கேமராக்கள் எல்லாம் கட்அவுட் பக்கம் திரும்பின. தாளாளருக்கு வியர்த்துவிட்டது. "இறக்குங்கடா அதை! பந்தலையும் பிரிங்கடா!" என்று கத்தினார்.

சாயங்காலத்துக்குள் வளையம் தெரிந்தது. தாளாளர் மட்டும் இன்னும் அதற்குக் கீழேயே நின்றிருந்தார். இசக்கி பந்தைக் கையில் எடுத்தாள்.

"ஐயாவும் கொஞ்சம் நகர்ந்தா ஆரம்பிச்சிடலாம்."