உலகநாதன் போகாத இடம்

மதுரையில் சுற்றுலாக் கண்காட்சி. கால் வைக்க இடமில்லை. அங்கே தரை துடைக்கும் செவந்திக்கு ரொம்ப நாளாக ஒரு ஆசை. எழுபது நாடு சுற்றிய நிபுணர் உலகநாதனின் ஸ்டாலுக்குப் போய், "சார், ஊட்டிக்கு எந்த மாசம் போனா நல்லாயிருக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

மனுஷர் மைக்கிலேயே சிரித்தார். "ஊட்டியா? அதெல்லாம் ஒரு ஊரா! நான் போகாத இடம் ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. சொல்லிட்டா உன் குடும்பத்தையே என் செலவுல ஊட்டிக்கு அனுப்புறேன். சொல்லலேன்னா இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது!"

கூட்டம் கூடிவிட்டது. செவந்தி மாப்பைச் சுவரில் சாய்த்தாள். வாசலில் நின்ற போலீஸ்காரரை ஒரு பார்வை பார்த்தாள்.

"மாமியார் வீடு, சார்."

"அட, அங்கேயா! நாலஞ்சு தடவை போயிருக்கேனே!" என்று முழங்கினார் உலகநாதன்.

அரங்கமே கொல்லென்று சிரித்தது. "என்ன கேஸு சார்?" என்று யாரோ கத்தினார்கள். போலீஸ்காரர் வேறு எட்டிப் பார்த்தார். உலகநாதனுக்கு வியர்த்து ஊற்றியது.

"ஐயய்யோ! மாமியார் வீட்டுப் பக்கமே நான் போனதில்லைங்க! சத்தியமா!"

நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி கோமளா வந்து மைக்கைப் பிடுங்கினாள்.

"இதுதான் உண்மை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆச்சு, எங்கம்மா வீட்டு வாசப்படியை இவர் மிதிச்சதே இல்லை. உங்க வீட்டுல எத்தனை பேரும்மா?"

"மாமியாரோட சேர்த்துப் பதினொண்ணுங்க," என்றாள் செவந்தி.