பட்டயமில்லாச் சீமை

முன்னொரு காலத்தில் குணமாறன் என்றொரு அரசன், பொன்வாயில் நகரத்தில் இருந்துகொண்டு ஏழு சீமைகளை ஆண்டுவந்தான். நினைத்தால் நினைத்தபடி ஆசை வரும் அவனுக்கு. ஒரு வருடம், எந்தச் சீமை அறிவில் பெரியது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது.

அதற்கு அளவுகோல் செய்து கொடுத்தவர் அவைப்புலவர் வாகீசர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அரண்மனை வாசலில் மூன்று மாதம் காத்திருந்து காட்டினால் செப்புப் பட்டயம் கிடைக்கும். பிறகு அவர் அனுமதியில்லாமல் யாரும் அதைச் செய்யக் கூடாது. பட்டயம் அதிகமுள்ள சீமையே அறிவுள்ள சீமை.

ஐந்து வருடத்தில் தலைநகருக்கு நானூற்றுப் பன்னிரண்டு பட்டயம். அதில் அறுபத்து மூன்று வாகீசருடையவை. அறுபத்து மூன்றும் விசிறிக் காம்புகள். ஏழில் ஒன்றான மேட்டுச்சீமைக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த மேட்டுச்சீமையிலிருந்து பேச்சாயி என்ற கிணறு வெட்டுகிறவள் அவைக்கு வந்தாள். அவர்கள் ஏரிக்கரை உடைந்து கிடந்தது. மழைக்கு முன் அடைக்காவிட்டால் இருபது ஊரும் பிழைப்புத் தேடிப் போகவேண்டியதுதான். அரசனிடம் அந்த வருடம் ஒரு வேலைக்குத்தான் கல்லும் ஆளும் இருந்தன. வாகீசர் அவற்றைத் தாமரைக்குளம் வெட்டக் கேட்டிருந்தார்.

“பட்டயமே இல்லாதவர்களுக்கு ஏரி எதற்கு, அரசே? மூளையில்லாத இடத்தில் தண்ணீரை ஊற்றினால் மூளையா முளைக்கும்?” என்றார் வாகீசர். அவை சிரித்தது.

பேச்சாயி சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். இந்தச் சிரிப்பை அவள் பல வாசல்களில் கேட்டவள்.

“சரிங்க புலவரே. எங்க சீமையில ஒன்னுமே பிறக்கலைன்னு சொல்றீங்க. அப்படின்னா ராசா, நாளை ஒரு நாள் மட்டும் எங்க சீமையில பிறந்த எதையும் அரண்மனை தொடவேண்டாம். உங்களுக்கு ஒரு குறையும் வரலைன்னா நான் பேசாம திரும்பிப் போறேன்.”

“பூஜ்யத்தை விலக்கிவைக்க என்ன கஷ்டம், அரசே?” என்றார் வாகீசர். அரசனும் ஒப்புக்கொண்டு, வேலைக்காரர்கள் உண்மை சொல்லவேண்டும் என்று ஆணையிட்டான்.

மறுநாள் காலை அரசன் குளிக்கத் தண்ணீர் வரவில்லை. கிணற்றுக்காரன் மாரப்பன் வந்து கைகட்டி நின்றான்.

“அரசே, நம் கிணறு பாறைக்குள் போகிறது. பாறையைத் தீயில் சுட்டு, நீர் ஊற்றிப் பிளக்கும் வித்தை மேட்டுச்சீமையுடையது. கிணறே அவர்களுடையதாகிவிட்டது.”

சமையற்காரர் வந்தார். “ஒரு தீயில் இரண்டு பானை வேகும் கொடியடுப்பு அவர்கள் சொல்லிக்கொடுத்தது.”

வெளியே போய்விடலாம் என்று அரசன் தேரைக் கேட்டான். சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைச் சூட்டோடு மாட்டுவதும் அவர்களிடம் கற்றதுதான் என்றான் தேர்ப்பாகன்.

உச்சிவெயிலில் அரசனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வாகீசர் ஓடிப்போய், பட்டயம் பெற்ற ஏழுமூக்குச் செம்பு ஒன்றைக் கொண்டுவந்தார்.

அரசன் கவிழ்த்துப் பார்த்தான். “தண்ணீர் எங்கே?”

“செம்புக்குத்தான் பட்டயம், அரசே.”

“அப்படியானால் விசிறும்,” என்றான் அரசன். வாகீசர் விசிறினார். வெறும் அனல்தான் வந்தது.

அரசன் பேச்சாயியைப் பார்த்தான். “இத்தனையும் வைத்துக்கொண்டு ஏன் ஒரு பட்டயமும் கேட்கவில்லை?”

“எங்க பக்கம் ஒருத்தர் புதுசா ஒன்னு கண்டா, மறுநாளே ஊரைக் கூட்டிச் செஞ்சு காட்டணும் ராசா. ஒளிச்சுவெச்சா அந்த வீட்டுல யாரும் கை நனைக்கமாட்டாங்க. உங்க கிணத்துக்காரர் வந்து கேட்டாரு, சொல்லிக்கொடுத்தோம். பட்டயம் வாங்கியிருந்தா, இன்னைக்கு மாதிரிதான் உங்களுக்கு எல்லா நாளும் இருந்திருக்கும்.”

அரசன் தலைகுனிந்தான். கல்லும் ஆளும் மேட்டுச்சீமைக்கே போகட்டும் என்றான். “வாகீசரும் போகட்டும். அறுபத்து மூன்று விசிறியையும் எடுத்துக்கொள்ளும். கரை போடுகிறவர்களுக்கு வியர்க்கும்.”

பிறகு அவளிடம், “இன்று நீ செய்ததும் புதிய வித்தைதான். இதற்காவது ஒரு பட்டயம் வாங்கிக்கொள்,” என்றான்.

“வேண்டாம் ராசா. நாளைக்கு இன்னொரு சீமைக்காரங்க தங்க வித்தையை இப்படி ஒரு நாள் நிறுத்திக் காட்டணும்னா, என் அனுமதிக்குக் காத்திருக்கக் கூடாது பாருங்க.”

சொல்லிவிட்டு மாரப்பனிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துக் கிளம்பினாள். வழியில் தங்கிய ஒவ்வொரு ஊரிலும் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போனாள்.