அதிபருக்கு வந்த வயிற்றெரிச்சல்

"சாமி, அவனைக் கண்டாலே எனக்கு வயிறு எரியுது."

"யாரை?"

"என்னைத்தான்."

சொன்னவர் அதிபர் வீரபாகு. இரண்டே வருஷம் என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்தவர். இருபத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. கேட்டவர் அவருடைய குரு, கல்மண்டபத்துச் சாமி. அந்த நாட்டில் அதிபரை 'நீ' என்று கூப்பிட்டும் உயிரோடு இருந்தவர் அவர் ஒருத்தர்தான்.

"புரியும்படி சொல்லு."

"என் படம், சாமி. பதவி ஏத்த அன்னிக்கு எடுத்தது."

அந்தப் படம் கடையில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், வீட்டுக்கு வீடு மாட்டியிருந்தது. கருகரு மீசை, எடுப்பான தோள். வேறு படம் போடக் கூடாது என்று சட்டம். அதிபருக்கு வயசாவதை ஊர் பார்த்துவிடக் கூடாதாம்! அதனால் அவருடைய இப்போதைய மூஞ்சி வெளியே ஒருத்தருக்கும் தெரியாது.

"நேத்து ஆசையா, சாதாரண வேட்டியில கடைத்தெருவுக்குப் போனேன். 'தள்ளி நில்லு பெருசு, அதிபருக்கு மாலை போடணும்'னு ஒரு பொம்பளை என்னை இடிச்சுத் தள்ளிட்டு அவனுக்குப் போடுறா! என் கண்ணு முன்னாடியே!"

"படத்தை மாத்திடு."

"மாத்தினா நான் கிழவன்னு தெரிஞ்சுடுமே."

"அப்ப இடிபடு."

சாமி கண்ணை மூடிக்கொண்டார்.

அதிபருக்கு மனசு ஆறவில்லை. மறுநாளே உத்தரவு போட்டார்: படத்துக்கு மாலை போட்டால் ஜெயில். சரி, மாலை போடாவிட்டால் ஜெயில் என்று ஏற்கெனவே ஒரு சட்டம் இருந்ததே, அதையாவது எடுத்தாரா? அதற்கும் மனசு வரவில்லை. மரியாதை குறைந்துவிடுமாம்.

போட்டவனும் உள்ளே, போடாதவனும் உள்ளே. ஜனங்கள் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? நாலாவது மாசம் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. பட்டாளத்துக்காரன் வீட்டிலும் யாராவது ஒருத்தர் ஜெயிலில் இருந்ததால் அவனும் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டான்.

அன்று மத்தியானம் அழுக்கு லுங்கியோடு வீரபாகு மண்டபத்துக்குள் வந்து விழுந்தார்.

"எப்படித் தப்பிச்சே?" என்றார் சாமி.

"எங்கே தப்பிச்சேன்? கூட்டத்துக்கு நடுவிலேயே நடந்து வந்தேன். ஒருத்தன் திரும்பிப் பார்க்கலை, சாமி! படத்தில இருக்கிறவனை நடுத்தெருவில போட்டு மிதிக்கிறாங்க. செருப்பால அடிக்கிறாங்க. மண்ணை வாரித் தூத்துறாங்க. இத்தனை வருஷம் இந்த நாட்டை ஆட்டி வச்சது நான். திட்டு கூட அவனுக்குத்தானா?"

சொல்லும்போதே குழந்தை மாதிரி அழுதுவிட்டார்.

சாமி எழுந்து வாசலுக்குப் போனார். தெருவில் கூட்டம் போய்க்கொண்டிருந்தது.

"நீங்க தேடுற ஆள் உள்ளே இருக்கார்," என்றார்.

பத்துப் பேர் கடப்பாரையோடு உள்ளே புகுந்தார்கள். முன்னால் வந்த பெண் கையில் பாதி கிழிந்த படம். அதை வீரபாகுவின் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தாள். படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

"மூக்கு அப்படியே இருக்கே. யோவ், இது நீதானா?"

இதைக் கேட்க எத்தனை வருஷமாக ஏங்கியிருந்தார்! நெஞ்சு தானாக நிமிர்ந்தது. கை மீசைக்குப் போனது. வாயைக்கூடத் திறந்துவிட்டார்.

அப்போதுதான் கடப்பாரை கண்ணில் பட்டது.

மீசைக்குப் போன கை இறங்கிக் கும்பிட்டது.

"ஐயையோ, நான் இல்லை தாயி! எனக்கும் அந்த ஆளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."