உலகம்மாள் பிடித்த நாடி

நிமோனியாக் காய்ச்சல் வந்து, பிழைப்பாரா மாட்டாரா என்று இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார் சாமியம்மா. எந்தச் சாமி புண்ணியமோ, உயிர் தங்கிவிட்டது. மலையடிவாரத்து மடத்துக்கே திரும்பக் கூட்டி வந்தார்கள்.

அனுப்பும்போது டாக்டர் உலகம்மாளிடம் சொன்னார்: "இனிமே தூக்கம்தான் மருந்து. தூங்கும்போது நாடியை எண்ணிப் பாருங்க. நூறைத் தாண்டுனா உடனே கூட்டிட்டு வாங்க."

நாடி குறைந்தால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

உலகம்மாள் தன் குரு சாமியம்மாவைவிடப் பத்து வயது மூத்த சிஷ்யை. புருஷன் போன பிறகு மடத்துக்கு வந்தவள். அடுப்பில் பால் இருந்தால் பொங்கி இறங்கும்வரை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

பகலும் இரவும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். முதல் நாள் தூக்கத்தில் தொண்ணூற்று நான்கு. மறுநாள் எண்பத்தாறு. மூன்றாம் நாள் மத்தியானம் எழுபது.

தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சாமியம்மா! சாமியம்மா!"

"என்னக்கா, விடிஞ்சிட்டா?"

"மத்தியானம்தான். ஒரு வாய் தண்ணி குடிங்க."

குடித்தார். நாடி தொண்ணூறுக்கு ஏறியது. அப்பாடா என்றிருந்தது உலகம்மாளுக்கு.

அசந்ததும் மறுபடி இறங்கியது. மறுபடி எழுப்பினாள். மூன்று நாள் இப்படியே போனது. சாமியம்மாவுக்குக் கண் குழி விழுந்தது. உடம்பு லேசாகச் சுடவும் தொடங்கியது.

"இன்னும் எத்தனை டம்ளர்க்கா? மடத்துக் கிணறு வத்திரும் போலிருக்கே," என்றார் சாமியம்மா. "எதுக்கு எழுப்புறீங்க?"

உலகம்மாள் முந்தானையைத் திருகினாள்.

"எங்க வீட்டுக்காரர் தூக்கத்திலேதான் போனாரு. பக்கத்திலேதான் படுத்திருந்தேன். காபியைப் போட்டுட்டு எழுப்புனப்பதான் தெரிஞ்சுது. நடுவிலே ஒரு தடவை எழுப்பியிருந்தா இருந்திருப்பாரோ என்னவோ... உங்க நாடி இறங்க இறங்க, எனக்கு அதே நெனப்புதான்."

சாமியம்மா பாயில் நகர்ந்து இடம் விட்டார்.

"இப்படிப் படுங்க. கையைக் குடுங்க. இன்னிக்கு நான் எண்ணுறேன்."

"நல்லாருக்கே! நோயாளி நீங்களா நானா?"

"குரு நீங்களா நானா?"

உலகம்மாள் கையைக் கொடுத்துவிட்டுப் படுத்தாள். எத்தனை நாள் தூக்கமோ, தலை சாய்ந்ததுதான் தெரியும்.

கண் விழித்தபோது முற்றத்து வெயில் சுவரேறிப் போயிருந்தது. அவள் மணிக்கட்டு இன்னும் சாமியம்மாவின் விரல்களுக்குள் இருந்தது.

"எவ்வளவு இருந்துச்சு, சாமியம்மா?"

"படுத்தப்ப தொண்ணூத்தாறு. அப்புறம் எண்பது. நடுவிலே கனவுல யாரோடயோ சண்டை போட்டீங்க, கொஞ்சம் ஏறிச்சு. பிறகு இறங்கி அம்பத்தெட்டு."

உலகம்மாள் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அம்பத்தெட்டா! பார்த்துக்கிட்டா இருந்தீங்க? என்னை எழுப்ப வேண்டாமா?"

சாமியம்மா அவள் கையை அவள் மடியிலேயே மெல்ல வைத்தார்.

"இந்த நாடி நீங்க பிறந்ததிலேருந்து உங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுது. அவர் போன அன்னிக்கு, இனிமே எதுக்குன்னு நீங்க கிடந்தப்பவும் ஓடுச்சு. என் காய்ச்சலுக்கும் சேர்த்து இருபது நாள் ஓடியிருக்கு. இன்னிக்குத்தான் கொஞ்சம் மெல்ல நடந்துச்சு. நான் அதைக் கும்பிட்டுட்டு இருந்தேன்க்கா. எழுப்புவேனா?"

சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தார். கண் சொருகியது.

உலகம்மாள் நாடியைப் பிடித்தாள். எண்பது. எழுபத்திரண்டு. அறுபத்தாறு.

அறுபத்து மூன்று.

அவள் எழுப்பவில்லை.