சடையாண்டி காதுக்குள் அடித்த கோயில் மணி

முட்டைப்பாறை ஊரில் அறிவுக்குப் பஞ்சமே வந்ததில்லை. எடுத்துச் செலவு செய்தால்தானே குறையும்.

அந்த ஊர் அம்மன் கோயிலில் அதிர்வேட்டுப் போடுகிறவர் சடையாண்டி. தீபாராதனை மணி அடித்ததும் அவர் திரியைப் பற்ற வைக்க வேண்டும். அப்பன் பாட்டன் காலத்து உரிமை அது. சோற்றை விட்டாலும் அதை விடமாட்டார்.

ஆனால் வருஷக்கணக்காக வேட்டுக் குழாய்க்குப் பக்கத்திலேயே குந்தியிருந்ததில் காது மந்தமாகிவிட்டது. போன வெள்ளிக்கிழமை மணி அடித்தது அவருக்குக் கேட்கவில்லை. வேட்டே இல்லாமல் அம்மன் தீபாராதனையை முடித்துக்கொண்டாள். மச்சினன் குப்பமுத்து காதருகே வந்து, "திருவிழாவுலயும் இப்படி ஆச்சுன்னா வேட்டை என் கையில குடுத்துருங்க மாமா" என்று கத்தினான். மரியாதையாகத்தான் கத்தினான். சடையாண்டி தீவட்டியை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

கோயில் கமிட்டித் தலைவர் வெள்ளைக்கண்ணு இருவரையும் டவுனுக்கு அழைத்துப் போனார். டாக்டரம்மா சடையாண்டியின் வலது காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். அவர் மடியில் இருந்த மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்த்தாள்.

"வேட்டுச் சத்தத்துல உள்நரம்பு கெட்டுப்போச்சு. பத்தாததுக்கு மூட்டுவலிக்குன்னு கடையில வாங்கி இந்த மாத்திரைய வேற அள்ளி முழுங்கியிருக்கீங்க. இது அளவுக்கு மிஞ்சினா காதுக்குள்ள மணி அடிக்கிற மாதிரி கேக்கும். இத நிறுத்திருங்க. இந்தக் காத வேட்டுக்கிட்ட காட்டவே கூடாது."

ஊர் திரும்பியதும் தேர்க்கொட்டகையில் மகாசபை கூடியது. சடையாண்டிக்காக எல்லாரும் தொண்டை கிழியப் பேசினார்கள்.

"இந்தக் காதுன்னுதான சொன்னாங்க?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"ஆமா, வலது காது" என்றான் குப்பமுத்து.

"அப்ப இடது காத வேட்டுப் பக்கம் திருப்பி வச்சுக்கலாம். அதப் பத்தி அவங்க பேச்சே எடுக்கல."

சபை தலையாட்டியது. டாக்டர் சொன்னதை மீற அங்கே யாருக்கும் மனம் இல்லை.

சடையாண்டி மெல்ல இழுத்தார். "மாத்திரை முழுங்கினா மணி கேக்கும்னாங்களே. நமக்கு வேண்டியதே மணிதானய்யா."

"நிறுத்தவும் சொன்னாங்களே மாமா?" என்றான் குப்பமுத்து.

"எத முதல்ல சொன்னாங்க?" என்று கேட்டார் வெள்ளைக்கண்ணு.

"மணி கேக்கும்னுதான் முதல்ல."

"அப்ப மணி கேட்டப்புறம் நிறுத்தினாப் போதும்" என்று தீர்ப்புச் சொன்னார் வெள்ளைக்கண்ணு.

திருவிழாவன்று விடிந்ததும் சடையாண்டி கை நிறைய மாத்திரையை முழுங்கினார். கொஞ்ச நேரத்தில் காதுக்குள் மணி கணீரென்று அடித்தது. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. உடனே வேட்டைப் போட்டார். அப்போது பூசாரி வேப்பங்குச்சியும் வாயுமாக நின்றுகொண்டிருந்தார்.

மணி நிற்கவில்லை. அதனால் வேட்டும் நிற்கவில்லை. மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின, ஓடுகள் சரிந்தன. அபிஷேகத்துக்கு இன்னும் தண்ணீரே வந்து சேரவில்லை.

"நான் மணியே அடிக்கலையேப்பா" என்று பூசாரி ஓடிவந்து அழாத குறையாகச் சொன்னார்.

வெள்ளைக்கண்ணு அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "உங்க மணி கயித்த இழுத்தாத்தான் அடிக்கும். இவரு காதுல தானா அடிக்குது. எது சாமி தெய்வ சக்தி?"

படித்த பூசாரியே தன் மணிக் கயிற்றைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்.

சாயங்காலத்துக்குள் ஊரில் இருந்த அத்தனை பேர் காதிலும் மணி அடிக்கத் தொடங்கியது. மாத்திரை முழுங்காமலே அம்மன் அருள் கிடைத்ததென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் குறை. அந்த ஊரில் அதனால் பெரிய நஷ்டமும் இல்லை. குப்பமுத்து தன் கையாலேயே தீவட்டியை மாமாவிடம் நீட்டிக் காலில் விழுந்தான். சடையாண்டிக்கு அன்றுதான் நெஞ்சு நிறைந்தது.

வேட்டுச் சத்தம் டவுன்வரை கேட்டு டாக்டரம்மா ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். "நிறுத்துங்க, ஊரே செவிடாயிரும்" என்று கூட்டத்தின் நடுவில் நின்று கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான், வேறென்ன.

எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். வாய் அசைகிறது, ஒரு சத்தமும் வரவில்லை. வெள்ளைக்கண்ணு தன் தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். கூட்டம் 'உச்' கொட்டியது.

சடையாண்டிக்குத் தாங்கவில்லை. எவ்வளவு நல்ல பொம்பளை, இந்தச் சின்ன வயசில் இப்படி ஊமையாகிவிட்டாளே என்று மனம் உருகினார். மிச்சமிருந்த மாத்திரையை அவள் கையில் வைத்து அழுத்தினார். அவளுக்குப் பேச்சு திரும்பி வர வேண்டுமென்று அம்மனுக்கு நூற்றெட்டு வேட்டு நேர்ந்துகொண்டு, அவளைக் குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து, முதல் திரியைப் பற்ற வைத்தார்.