நான்காவது மெழுகுவர்த்தி

காட்டோரக் குளத்தங்கரையில் ஒரு சிறிய மாதா கோயில் இருந்தது. அதை ஒட்டி, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரின் தோட்டத்தில் ஒரு கினிக்கோழியும் ஒரு வான்கோழியும் ஒரு வாத்தும் இருந்தன. வாத்து வைக்கோலில் அடைகாத்துக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலம் வந்தது. கோயில் பீடத்தருகே பச்சை இலை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை வைத்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக ஏற்றத் தொடங்கினார்கள்.

முதல் திரி எரிந்த அன்று மாலை வேலியோரம் ஒரு நரி வந்து நின்றது. முகத்தில் அவ்வளவு வருத்தம்!

"விஷயம் தெரியாதா தாயி? அந்த முதல் திரி எச்சரிக்கை! இனி ஒவ்வொரு திரிக்கும் உங்களில் ஒருத்தர் காலி! இப்பவெல்லாம் தீனி கூடுதலா விழுதே, ஏன்னு யோசிச்சீங்களா?"

கினிக்கோழி அலறியது. "நாங்க என்ன செய்றது அண்ணாச்சி?"

"காட்டுக்கு வாங்க. நான் இருக்கேன்ல!"

இரண்டாவது திரி எரிந்ததும் கினிக்கோழி வேலி ஓட்டை வழியே ஓடிப்போனது. திரும்பி வரவில்லை.

"பார்த்தியா! நரி சொன்னபடியே ஒருத்தி குறைஞ்சுட்டா!" என்று வான்கோழி நடுங்கியது.

"அவளை யார் பிடிச்சா? அவளே ஓடினா," என்றது வாத்து.

"உனக்கு எப்பவும் எதிர்ப்பேச்சுதான்!"

மூன்றாவது திரி எரிந்ததும் வான்கோழியும் போனது. போகும்போது, "நீ முட்டாள்!" என்று சொல்லிவிட்டுத்தான் போனது.

அன்று மாலையே நரி மறுபடி வந்தது. வயிறு நன்றாகப் புடைத்திருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் சுகமா இருக்காங்க தாயி. நீ மட்டும்தான் பாக்கி."

"அவங்களை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன், பார்ப்போம்."

"அவங்களால இனி நடக்க முடியாது!" என்றது நரி. அது மட்டும் உண்மை.

வாத்து முட்டைகளின் மேல் இன்னும் அழுத்தி உட்கார்ந்தது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு. உபதேசியார் மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஆனா நான் எழுந்தா முட்டை இன்னைக்கே சில்லிட்டுப் போகும். அது எனக்கு நல்லாத் தெரியும். நீங்க போங்க!"

நான்காவது திரி எரிந்த மாலை, நரிக்குப் பொறுமை தீர்ந்தது. ஓட்டையைப் பல்லால் பெரிதாக்கி உள்ளே நுழைந்தது. அந்த நேரம் பார்த்து வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிறவர்கள் மேளத்தோடு வாசலுக்கு வந்தார்கள். முன்னால் சிவப்பு அங்கியும் முகமூடியும் வெள்ளைத் தாடியுமாய் கிறிஸ்துமஸ் தாத்தா குதித்தாடி வந்தார்.

"ஐயோ! இது எந்தக் காட்டு மிருகம்!" என்று நரி வந்த வழியே பாய்ந்தது. பாதி உடம்பு வெளியே போனது. தின்று கொழுத்த வயிறு வேலி முள்ளில் மாட்டிக்கொண்டது. மேளக் குச்சிகள் எல்லாம் அதன் முதுகில் தாளம் போட்டன.

"என்ன அண்ணாச்சி, வெறும் தாத்தாதானே! பயப்படலாமா?" என்றது வாத்து.

ரோமத்தையும் மானத்தையும் வேலியில் விட்டுவிட்டு நரி தப்பியோடியது. அப்புறம் அந்தக் குளத்துப் பக்கமே அது தலைகாட்டவில்லை.

கிறிஸ்துமஸ் காலையில் உபதேசியார் விருந்துக்கு வான்கோழியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, வீட்டில் பருப்புக் குழம்பு வைக்கச் சொன்னார். வைக்கோலில் முட்டைகள் ஒவ்வொன்றாக வெடித்தன. குஞ்சுகள் அம்மாவின் சிறகுக்குள் முண்டியடித்தன.

பயங்காட்டுகிறவனை நம்பி ஓடுகிறவன் அவன் வயிற்றில்தான் போய்ச் சேருவான். பயந்தாலும் தன் பொறுப்பை விடாமல் காத்திருக்கிறவனுக்கே விடியும்.