கூழைக்கடாவின் மீன் தொட்டி

ஏ ஆராய்ச்சிக்காரா, ஊரார் தண்ணீரில் கைவைக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? உன்னைத்தான் கேட்கிறேன். காது கேட்காதவன் மாதிரி போகிறாயே! போ. குழந்தைகளே, நீங்கள் கேளுங்கள்.

ஓர் அலையாத்திக் காட்டை ஒட்டிய கடலில் மீன்கள் குறைந்துபோயின. மெத்தப் படித்த கூழைக்கடா ஓர் ஆராய்ச்சிக் கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது.

"கடலில் இரும்புத் தூளைத் தூவினால் பாசி செழிக்கும். பாசியைத் தின்று மீன் பெருகும். நாளைக்கே தூவப் போகிறேன்!" என்றது.

பசியில் வாடிய நீர்க்காகங்கள் மூட்டை மூட்டையாகத் தூளைக் கப்பலில் ஏற்றின.

நங்கூரச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென ஏறி வந்தது ஒரு நண்டு. அதன் குஞ்சுகள் அப்போதுதான் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத பொடிசுகளாக அந்த நீரில் மிதந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்கடா மூட்டையை! ஐயா படிச்சவரே, உப்பங்கழியில பாசி மண்டி அழுகினப்போ மீனெல்லாம் மூச்சுத் திணறிச் செத்துச்சே. என் பிள்ளைங்களுக்கும் அந்தக் கதிதானா?"

"அப்படியெல்லாம் ஆகாது, நண்டக்கா."

"ஆகாதுன்னு எப்படித் தெரியும்?"

"தூவிப் பார்த்தால்தானே தெரியும்!"

நண்டுக்குத் தலை கிடையாது. இருந்திருந்தால் கோபம் அங்கே ஏறியிருக்கும். ஆனால் அது பேரம் பேசியே பிழைத்த நண்டு. கூழைக்கடா தன் சாப்பாட்டுக்காக உயிர்மீன்களை விட்டுவைத்திருந்த தொட்டி அதன் கண்ணில் பட்டது.

"வெண்டைக்காயைக்கூட நுனி ஒடிச்சுப் பார்த்துத்தானே வாங்குறோம்? முதல்ல உங்க தொட்டியில ஒரு பிடி போடுங்க. மீன் நல்லாயிருந்தா மிச்ச மூட்டையை நானே தூக்குறேன்."

கூழைக்கடா இறக்கைகளை விரித்துத் தொட்டியை மூடிக்கொண்டது.

"ஐயையோ! இந்த மீன்கள் செத்துப்போனால் நான் எதைத் தின்பேன்?"

நீர்க்காகங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"உம்ம தொட்டிக்கு ஆகாதது எங்க கடலுக்கு மட்டும் ஆகுமோ?" என்றது ஒன்று.

ஏற்றிய மூட்டைகள் எல்லாம் கரைக்கு இறங்கின. நங்கூரம் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

"அப்பாடா!" என்று நண்டு கால்களைப் பரப்பிப் படுத்தது. மறுகணமே எழுந்து கத்தியது:

"ஐயா, சிந்தின தூள் கப்பலெல்லாம் கிடக்கு. மழை பெய்ஞ்சா கடலுக்குத்தான் போகும். வாரி அள்ளுங்க! அவ்வளவு பெரிய அலகு வேற எதுக்கு?"

நீதி: பிறர் உயிரை வைத்துச் சோதிக்க வருபவர், முதலில் தம் உடைமையை வைத்துச் சோதித்துக் காட்டட்டும்.